இரண்டங்குல உயர்வு

மலைநாட்டிலே பிறந்து 335 கிலோமீற்றர் தூரம் ஓடிவரும் மகாவலி கங்கை, கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கிறது. கலப்பதற்கு முன்னர் அது தன் கையொன்றைப் பிரித்துக் கிழக்கே நீட்டுகிறது. அந்தக் கைதான் வெருகல் ஆறு. ஆற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோவில் கொண்டிருக்கிறார். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் அங்கே தங்கி, நீராடி, வழிபட்டுச் செல்வர். இக்கரை திருகோணமலை மாவட்டம். அக்கரை மட்டக்களப்பு மாவட்டம்.

இந்த வழியே பயணஞ் செய்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு துறையைக் கடந்து அடுத்த துறைக்கு வந்து, 'பாதை' எனப்படும் மிதவைக்காக மணிக்கணக்கிற் காத்திருந்த கதையைச் சொல்வார்கள். 2009 ஆம் ஆண்டிலே போர் ஓய்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. வெருகல் உட்பட ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. பெருவீதி இன்று தார்வீதி. ஆயினும் பெருவீதியை விட்டு வயலுக்கும் குடியிருப்புக்கும் இறங்கினால், மாரிகாலத்திற் சேறும் பள்ளமும் நம்மை வரவேற்கத் தவறுவதில்லை.

இத்தகைய இடங்களிலே நான்கு சக்கரங்களாலும் இயங்கும் பழைய கார் ஒன்று பெருஞ் செல்வமாகும். 2020 ஆம் ஆண்டிலே இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியிலேதான் நீங்கிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிற் பழைய கார்களின் விலை ஏறியது. அவற்றைக் கைவிடாது காக்கும் அவசியமும் ஏறியது. இருபது, முப்பது வயதான வண்டியைச் செப்பனிட்டு ஓட்டும் குடும்பங்கள் இன்றும் பல. அவர்களுட் பலருக்கு ஓர் ஆசை உண்டு. "வண்டியை இன்னும் இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டால் எந்த வழியிலும் போகலாமே!" என்பதுதான் அது.

அந்த ஆசை என் அத்தானுக்கும் வந்தது. அதனால் விளைந்ததைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

மாரி இரவொன்று

அத்தானின் கார் ஜப்பானில் உருவானது. நான்கு சக்கர இயக்கம் உள்ளது. அதன் முன்பகுதி சேற்றிலே தட்டுகிறது என்று எண்ணிய அவர், பட்டணத்துக் கராஜ் ஒன்றிலே கொடுத்தார். அங்கே இரும்பிற் கடைந்த இரண்டு இடைவளையங்களை முன்பக்கத் தாங்குதூண்களின் தலையிற் பொருத்தி, வண்டியை ஐந்து சென்ரிமீற்றர் உயர்த்திக் கொடுத்தார்கள். வேலை அரை நாளில் முடிந்தது. கார் பார்ப்பதற்குக் கம்பீரமாயிருந்தது. அத்தானும் மகிழ்ந்தார்.

நான்கு மாதங்கள் சென்றன. மார்கழி மழையிரவிலே, அயல்வீட்டுப் பெண்ணொருத்திக்குப் பிரசவ வலி கண்டது. அவளையும் தாயையும் ஏற்றிக்கொண்டு மூதூர் ஆதார வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். வளைவுகளிலே முன்சக்கரத்தருகே 'டக், டக்' என்றொரு சத்தம் சில நாட்களாகவே இருந்தது. அன்றிரவு அந்தச் சத்தம் பெரிதாகி, முடிவிலே இரும்பு முறியும் ஓசையாயிற்று. நடுப் பல்லிணைப்பின் துணையாற் பின்சக்கரங்கள் சற்றே தள்ளின. ஆயினும் கழன்ற அச்சுத்தண்டு சுழன்று பக்கத்துப் பாகங்களை அடித்தது. மேலே செலுத்த இயலவில்லை.

இருளும் மழையும் சூழ்ந்த வீதியிலே, "தம்பி, இனி என்ன செய்வது?" என்று அந்தத் தாய் கேட்ட குரலை நான் மறக்கமாட்டேன். நல்லூழாக, நெல்லேற்றிச் சென்ற லொறி ஒன்று எங்களுக்காக நின்றது. பிள்ளை வைத்தியசாலையிலே சுகமாகப் பிறந்தது. அன்று தப்பினோம். தப்பியது நம் திறமையால் அன்று என்பதை அத்தானும் நானும் அறிவோம்.

தாங்குதூணின் கதை

நடந்தது என்ன என்பதை விளங்குவதற்கு, காரின் முன்சக்கரம் எவ்வாறு தாங்கப்படுகிறது என்பதை முதலில் அறியவேண்டும்.

ஏர்ள் மக்பர்சன் என்பவர் அமெரிக்க நாட்டுப் பொறியியலாளர். 1891 இற் பிறந்து 1960 இல் மறைந்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில், செவ்ரொலே நிறுவனத்திலே சிறிய காரொன்றை வகுத்துக்கொண்டிருந்தார். அத்திட்டம் கைவிடப்படவே, அவர் போர்ட் நிறுவனத்துக்குச் சென்றார். சுருள்வில்லையும் அதிர்வடக்கியையும் ஒரே தூணாகச் சேர்த்து, அத்தூணையே சக்கரத்தைத் தாங்கும் உறுப்பாக்கலாம் என்பது அவர் கருத்து. 1950 இல் இலண்டன் மோட்டார்க் காட்சியிலே வெளிவந்த போர்ட் கொன்சல், செபயர் என்னும் கார்கள் இந்த அமைப்பைத் தாங்கி வந்தன. இந்தியாவிலே 1983 இறுதியில் உற்பத்தி தொடங்கிய மாருதி 800 காரின் முன்பக்கமும் இதே அமைப்புத்தான். இன்று சிறிய கார்களின் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தாற் பெரும்பாலும் மக்பர்சனின் தூணைத்தான் காண்போம். நம் கராஜ்களில் அதனைச் 'சொக்' என்ற ஒரே சொல்லால் வழங்குவர்.

அமைப்பு எளியது. தூணின் தலை, றப்பர்த் தாங்கியொன்றின் வழியாகக் காரின் உடலோடு பொருந்தியிருக்கும். அதன் அடி, சக்கரத்தின் குடத்தைத் தாங்கும் முட்டியோடு இரண்டு மரையாணிகளாற் பிணைக்கப்பட்டிருக்கும். முட்டியின் கீழ்ப்பகுதியைக் 'கீழ்க்கை' என்னும் இரும்புக் கை, குண்டு மூட்டொன்றினாற் பிடித்திருக்கும். மேலே வேறு கை கிடையாது. ஆகவே இயந்திரத்துக்கு இடமுண்டு. சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத்தண்டு நுழைவதற்கும் இடமுண்டு. முன்சக்கரங்களுக்கும் இயக்கம் கொடுக்கவேண்டிய கார்களுக்கு இது வாய்ப்பாய் அமைந்தது.

ஜப்பானின் வடபகுதியில், பனியிலே மின்கம்பிகளைப் பராமரிக்கச் செல்லும் ஊழியருக்கு ஏற்ற கார் வேண்டும் என்று தொகொகு மின்சார நிறுவனம் கேட்டது. அதிலிருந்து தோன்றிய முயற்சியே 1972 இற் சுபாரு லியோன் என்னும் நான்கு சக்கர இயக்கக் காராக வெளிவந்தது. அதன் முன்பக்கத்திலும் இத்தூண்களே இருந்தன. 1980 இல் ஜெனீவாக் காட்சியிலே தோன்றிய அவுடி குவாற்றோ, முன்னும் பின்னும் இத்தூண்களையே கொண்டிருந்தது. பனியிலும் சேற்றிலும் போகும் கார் என்னும் எண்ணத்தோடு இந்தத் தூண் இவ்வாறு இணைந்துகொண்டது.

உயர்த்தும்போது மாறுவன

"கார் உயர்ந்தது, வேறு என்ன மாறிற்று?" என்று வினவலாம். பலவும் மாறுகின்றன. ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம். கீழே வரும் அளவுகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. காருக்குக் கார் சிறிது வேறுபடும்.

முதலாவது அச்சுத்தண்டு. பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் அத்தண்டின் இரு முனைகளிலும் சமவேக மூட்டுகள் உள்ளன. இரு மூட்டுகளுக்கும் இடைத்தூரம் 36 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். தண்டு மட்டமாயிருந்த காரை ஐந்து சென்ரிமீற்றர் உயர்த்தினால், அது ஏறக்குறைய 8 பாகை சாய்ந்துவிடும். பள்ளத்திலே சக்கரம் தொங்கும்போது நிலைமை இன்னும் கடியது. முன்பு எட்டு சென்ரிமீற்றர் தொங்கிய சக்கரம் 12 அல்லது 13 பாகைச் சாய்வோடு நின்றது. தூணின் தலையில் வளையம் இட்டபின் அதே சக்கரம் பதின்மூன்று சென்ரிமீற்றர் தொங்கும். சாய்வு 20 பாகையை எட்டும். வெளிமூட்டு வளைந்து திரும்புவதற்கென்றே செய்யப்பட்டது, அது தாங்கும். உள்மூட்டோ அத்துணை வளைவுக்கு வகுக்கப்பட்டதன்று. அன்றியும், மூட்டைப் போர்த்தியிருக்கும் றப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து கிழியும். கிரீஸ் வெளியேறும், மணலும் நீரும் உட்புகும். சத்தம் கேட்கத் தொடங்கும்போதே மூட்டு தேய்ந்திருக்கும். அத்தானின் காருக்கு நேர்ந்தது இதுதான்.

இரண்டாவது சக்கரத்தின் நிமிர்வு. கீழ்க்கை 35 சென்ரிமீற்றர் நீளமானது. அதன் வெளிமுனை முன்பே மூன்று சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்கிறது என்க. காரை ஐந்து உயர்த்தினால் அம்முனை எட்டுத் தாழும். கையின் நீளம் மாறாதாகையால், முனை உட்பக்கமாக எட்டு மில்லிமீற்றர் இழுபடும். சக்கரத்தின் அடி உள்ளே போக, தலை வெளியே சாயும். அச்சாய்வு முக்காற் பாகை அளவினதாகும். ரயரின் வெளியோரம் தேயத் தொடங்கும்.

மூன்றாவது சக்கரங்கள் நோக்கும் திசை. திருப்பற் கோலின் சாய்வும் மாறுவதால், இரு முன்சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ திரும்பிவிடும். ரயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டரை மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால், அது அற்பமாகத் தோன்றும். ஆனால் 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ரயரில் அதன் பொருள், ஒரு கிலோமீற்றர் ஓடும்போது நான்கு மீற்றர் தூரம் பக்கவாட்டிலே தேய்த்து இழுக்கப்படுகிறது என்பதாகும். நூறு கிலோமீற்றர் ஓடினால் நானூறு மீற்றர்! புதிய ரயர் சில மாதங்களில் மொட்டையாவதன் மருமம் இதுவே.

நான்காவது உறுதி. காரின் பாரமையம் நிலத்திலிருந்து 55 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து 60 ஆக ஏறினால், வளைவிலே வெளிச்சக்கரத்துக்கு மாறும் பாரம் பதினொன்றில் ஒரு பங்கு கூடும். ஓட்டுநர் அதனை உணர்ந்து வேகத்தைக் குறைக்கவேண்டும்.

பழைய லாண்ட் ரோவர் போன்ற வண்டிகளோடு இக்கார்களை ஒப்பிடுவோர் ஒரு வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். அவ்வண்டிகளிலே இரு சக்கரங்களையும் முழு அச்சொன்று இணைக்கிறது. அதன் நடுவே டிபரன்சல் தொங்குகிறது. வில்லை உயர்த்தினால் உடல் உயருமேயன்றி டிபரன்சல் உயராது. பெரிய ரயர் இட்டால் மாத்திரமே உயரும். தூண் அமைப்புள்ள காரிலோ டிபரன்சல் உடலோடு பிணைந்திருப்பதால் உடலோடு சேர்ந்தே உயரும். இலாபம் முழுவதும் கிடைக்கிறது. அந்த இலாபத்தின் விலையை மூட்டுகள் செலுத்துகின்றன.

உயர்த்தும் வழிகள்

தூணின் தலைக்கும் உடலுக்கும் இடையே வளையம் வைப்பது முதல் வழி. மலிவானது, விரைவிலே முடிவது. ஆனால் சக்கரம் தொங்கும் எல்லையும் அதே அளவு கீழே இறங்குகிறது என்பதைக் கண்டோம்.

சுருள்வில்லுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே வளையம் வைப்பது இரண்டாம் வழி. இங்கே தொங்கும் எல்லை மாறாது. ஏனெனில் தூணின் நீளம் மாறவில்லை. ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கு முன்பிருந்த எட்டு சென்ரிமீற்றரில் மூன்றே எஞ்சும். சிறு பள்ளத்திலும் தூண் முழுவதும் நீண்டு 'டொக்' என்று இடிக்கும்.

காருக்கு ஏற்ற நீண்ட தூணையும் வில்லையும் சேர்த்து மாற்றுவது மூன்றாம் வழி. அதனோடு, கீழ்க்கையையும் திருப்பற் கோலையும் தாங்கும் குறுக்குச் சட்டத்தை இடைத்துண்டுகள் இட்டுத் தாழ்த்தினால் கைகளின் சாய்வு பழையபடி அமையும். பெட்டியையும் டிபரன்சலையும் அதே அளவு தாழ்த்தினாலன்றி அச்சுத்தண்டின் சாய்வு நீங்காது. இது செலவு மிகுந்தது. நல்ல கருவிகளும் தேர்ந்த கைகளும் வேண்டுவது.

வில்லை மாற்றும்போது அதன் கம்பியின் தடிப்பைக் கவனித்தல் வேண்டும். வில்லின் விறைப்பு, கம்பியின் விட்டத்தினது நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. 12 மில்லிமீற்றர்க் கம்பிக்குப் பதிலாக 13 மில்லிமீற்றர்க் கம்பி என்றால், மற்றவை ஒத்திருக்க, விறைப்பு 38 வீதம் கூடிவிடும். ஒரு மில்லிமீற்றர்தானே என்று நினைத்தால், குழந்தைகளும் நோயாளரும் ஒவ்வொரு குழியிலும் அதனை உணர்வார்கள். விறைத்த வில்லைப் பழைய அதிர்வடக்கி அடக்கவும் மாட்டாது, கார் துள்ளும்.

முதியவரின் அளவுநாடா

அச்சுத்தண்டு முறிந்த காரை மறுவாரம் முதிய மெக்கானிக் ஒருவரிடம் இழுத்துச் சென்றோம். அவர் முதலிற் சாவியைத் தொடவில்லை, அளவுநாடாவை எடுத்தார். சக்கரக் குடத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள மட்காட்டின் விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து ஒரு தாளிற் குறித்தார். பின்னர் அந்த இரும்பு வளையங்களைக் கழற்றி, காரை இறக்கி, மறுபடியும் அளந்தார். காரின் கைந்நூலிற் கண்டிருந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அத்தானை அழைத்தார்.

"தம்பி, உங்கள் கார் தாழ்வான கார் அன்று; தாழ்ந்துபோன கார். முன்வில் இரண்டும் களைத்துவிட்டன. மூன்றரை சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது. களைத்த வில்லின்மேல் வளையத்தை வைத்தால் வில் இளைப்பாறுமா?"

"அப்படியென்றால் உயர்த்தவே வேண்டாமா, ஐயா?" என்று கேட்டார் அத்தான்.

"இழந்ததை முதலில் மீட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகும் போதாது என்று தோன்றினாற் பார்க்கலாம்."

புதிய வில்கள், மேற்றாங்கி றப்பர்கள், அதிர்வடக்கிகள், கீழ்க்கையின் புஷ்கள், அச்சுத்தண்டு ஆகியன மாற்றப்பட்டன. கார் தானாகவே மூன்றரை சென்ரிமீற்றர் எழுந்தது. பக்கிங் எதுவும் வைக்கவில்லை. அத்தான் ஆசைப்பட்ட ஐந்தில் மூன்றரை, எந்த மூட்டையும் வருத்தாமற் கிடைத்துவிட்டது. எஞ்சிய ஒன்றரையை அவர் பின்பு கேட்கவேயில்லை.

ஆகவே உயர்த்த எண்ணுவோர் முதலிற் கைந்நூலும் அளவுநாடாவும் எடுக்கவேண்டும். உண்மையிலே உயர்த்தியே ஆகவேண்டுமெனில் இரண்டரை அல்லது மூன்று சென்ரிமீற்றரோடு நிறுத்துவது நன்று. முன்பக்கம் மாத்திரமன்றிப் பின்பக்கமும் பொருத்தமாக உயரவேண்டும். பிரேக் குழாய்கள் சக்கரம் முழுவதும் தொங்கும்போது இழுபடாதிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். வேலை முடிந்த அன்றே வீல் எலைன்மென்ற் செய்விக்கவேண்டும். தூணின் அடியிலுள்ள மரையாணிகளுள் ஒன்றை மையம் விலகிய ஆணியாக மாற்றினாற் சக்கரத்தின் நிமிர்வையும் திருத்தலாம். முன்விளக்குகளின் நோக்கையும் தாழ்த்தவேண்டும். இன்றேல் எதிரே வருபவரின் கண் கூசும். நான்கு ரயர்களும் ஒரே அளவும் ஒத்த தேய்வும் உடையனவாய் இருத்தல் நான்கு சக்கர இயக்கத்துக்கு இன்றியமையாதது. ஒன்று சிறுத்தால் நடுப் பல்லிணைப்பு ஓயாது உழைத்துச் சூடேறும். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் இயங்கும் திணைக்களத்தையும், காப்புறுதி நிறுவனத்தையும், மாற்றஞ் செய்யுமுன் கேட்டறிவது நன்று.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தூணைக் கழற்றிய உற்சாகத்தில் அதன் தலையிலுள்ள நடு நட்டைத் திருகிவிடாதீர்கள். வில் உள்ளே அமுங்கிக் கிடக்கிறது. ஒரு மில்லிமீற்றர் அமுக்குவதற்கு 25 நியூட்டன் விசை வேண்டும் வில்லொன்று 200 மில்லிமீற்றர் அமுங்கியிருந்தால், அதனுள் 500 யூல் சக்தி ஒளிந்திருக்கிறது. ஐம்பது கிலோ அரிசி மூடை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் சக்தி அது. உரிய கவ்விகள் இரண்டினால் வில்லைப் பிடித்தபின்னரே, தேர்ந்தவர் கையால் அது கழற்றப்படவேண்டும்.

வெள்ளத்தை வெல்லுமா?

உயர்த்திய கார் வெள்ளத்திலும் போகும் என்னும் நம்பிக்கை பலருக்கு உண்டு. மகாவலி பெருகும் காலத்தில் இந்நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கும். நான்கு மீற்றர் நீளமும் 1.6 மீற்றர் அகலமும் உள்ள காரின் தளத்துக்குமேல் பத்து சென்ரிமீற்றர் நீர் ஏறினாற் போதும். உள்ளே நீர் புகுமுன் அது 640 கிலோ பாரத்தைத் தூக்கிவிடும். 1,400 கிலோ காரை மிதக்கவைக்க 22 சென்ரிமீற்றர் நீரே போதும். மிதப்பதற்கு முன்பே ரயர்களின் பிடி தளரும். ஓடும் நீர் பக்கத்திலிருந்து தள்ளும். இரண்டங்குல உயர்வு இந்தக் கணக்கில் இரண்டங்குலமே தள்ளிப்போடும். காற்று இழுக்கும் குழாய் வழியே நீர் புகுந்தால் இயந்திரமும் முறியும்; ஏனெனில் காற்று அமுங்கும், நீர் அமுங்காது. வெள்ளம் பாயும் வீதியின் முன்னே காரைத் திருப்பிக்கொண்டு போவதே வீரம்.

அந்த மாரியிரவிலே பிறந்த பிள்ளை இப்போது நடக்கத் தொடங்கிவிட்டது. அத்தானின் கார் அதே முற்றத்திலே நிற்கிறது. முன்போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கவில்லை. தனக்குரிய உயரத்தில் அடக்கமாக நிற்கிறது. ஆயினும் நள்ளிரவில் யாராவது வந்து கதவைத் தட்டினால், அதன் சாவியை எடுக்க இப்போது அத்தானின் கை தயங்குவதில்லை.